ஆற்றுக்கு வாயாக இருந்தவள்

வந்திருந்தவர்கள்: ஊர்த்தலைவர் அன்சோ. ஆற்றுக்குழுச் செயலாளர் பிடெலிஸ். புகார் சொன்ன லோஜினா. புகாருக்கு ஆளான ரொனெல். ஊரார் எழுபத்து மூன்று பேர். தினாவோ ஆறு.

பிடெலிஸ் பதிவேட்டில் இப்படித்தான் எழுதினான். கடைசிப் பெயருக்கு நேரே கைநாட்டு வைக்க வேண்டியவள் சும்பிங். கழுத்துவரை ஆற்றில் மூழ்கி எழுந்து, துவட்டாமல், நேராகக் கோயில் கூடத்துக்கு வந்து முன்னால் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடுப்பில் சுற்றியிருந்த சாரோங்கிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி ரொனெலின் செருப்பை நனைத்தது. அவன் காலை இழுத்துக்கொண்டான். அவன் அவளுடைய ஒரே மகன்.

இது பாட்டன் காலத்து வழக்கமொன்றும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், இதே கூடத்தில், பாக்கெட் காப்பியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களே உண்டாக்கியது. மேலே மலையை மொட்டையடித்ததில் இரண்டு மழைக்காலம் ஆறு சேறாக வந்தது. மீன் செத்தது, குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. அப்போது மாநிலத் தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆறும் உங்களைப்போல ஓர் ஆள்தான், அதை ஆளாக நினைக்காதவரை எந்தச் சட்டம் போட்டும் பிரயோசனமில்லை, அதற்காகப் பேச உங்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எல்லோரும் சும்பிங்கைப் பார்த்தார்கள். வாரச்சந்தையில் கீரை விற்கும்போது அவள் குரல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். அந்தத் தகுதிதான்.

முதல் விசாரணையில் அவள் ஆறாக மூன்று மணி நேரம் பேசினாள். ஊர் பசியில் செத்தது. அதற்குப் பிறகுதான் பிடெலிஸ் ஒரு விதி சேர்த்தான்: துணி ஈரமாக இருக்கும்வரைதான் அவள் ஆறு. காய்ந்தால் வெறும் சும்பிங். அதற்குள் கேட்காததை ஆறு மன்னித்துவிட்டதாகப் பொருள்.

கேட்கக்கூடிய தண்டனையில் பெரியது, கால் நனைக்கத் தடை. சொல்ல எளிது. மூன்று பக்கமும் ஆறு சுற்றிய ஊர். வயலுக்குப் போக ஆற்றில் இறங்க வேண்டும், குழாயில் வருவதும் ஆற்றுத் தண்ணீர். கால் நனைக்காதே என்றால் ஊரை விட்டுப் போ என்று பொருள்.

லோஜினா எழுந்து நின்று சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை விடிகாலை. துணி அலசிக்கிட்டிருந்தேன். கை சுரீர்னுச்சு. பாம்புதான் கடிச்சிருச்சுன்னு கத்திக்கிட்டு மேல ஏறினேன். பாத்தா, வளைவுக்கிட்ட இவன் நிக்கறான். முதுகுல பேட்டரி, கையில ரெண்டு கம்பி. சிவப்புக்கொடி கட்டின இடம், மீனே பிடிக்கக் கூடாது. மீனெல்லாம் வெள்ளை வயித்தக் காட்டிக்கிட்டு மிதக்குது. பெருசை மட்டும் பொறுக்கிக்கிட்டான். விரல் நீளத்துல இருந்ததெல்லாம் அப்படியே போயிருச்சு. நான் எண்ண ஆரம்பிச்சு, முந்நூறுல நிறுத்திட்டேன்."

"ரொனெல், உண்மையா?" என்றார் அன்சோ.

"ஒரு கல்யாணத்துக்குப் பெலியான் மீன் கேட்டாங்க சித்தப்பா. குடுத்தேன்."

"வேற?"

"வேற என்ன? மீன்தானே. ஆளையா கொன்னேன்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லோஜினா சிரித்தவனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் இருமுவதுபோல் நடித்தான்.

அன்சோ சும்பிங்கின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ஆறு என்ன கேக்குது?"

சும்பிங் வாயைத் திறக்கவில்லை.

அன்சோ இன்னொரு முறை கேட்டார். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மயக்கமோ என்று நினைத்தார்கள். பிடெலிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொட்டும் சாரோங்கைப் பார்த்தான். பிறகு அன்சோவைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடம் முழுக்க விஷயம் புரிந்தது. பேசாமல் இருந்தால் துணி காய்ந்துவிடும். காய்ந்தால் மகன் தப்பித்தான்.

"வெக்கையா இருக்கு" என்றார் அன்சோ. "அந்தக் காத்தாடியை இப்படித் திருப்புங்க."

ஒருவன் காற்றாடியைத் திருப்பினான். காற்று நேராக சும்பிங்கின் மேல் அடித்தது.

"வெக்கை உங்களுக்குத்தானே? காத்து ஏன் அவ மேல போகுது?" என்றாள் லோஜினா.

"அண்ணிக்கு வயசாச்சு. வேர்க்கும்."

"நனைஞ்சுபோயி நடுங்கறா, வேர்க்குதாம்!"

சும்பிங்குக்கு உண்மையாகவே நடுங்கியது. பற்களைக் கடித்துக்கொண்டாள். லோஜினாவைப் பார்க்கக் கூடாது என்று அவள் நாற்காலியில் உட்காரும்போதே முடிவு செய்திருந்தாள். பார்த்தால் தாய்மின் ஞாபகம் வரும்.

தாய்மின் லோஜினாவின் புருஷன். போன வருடத்துக்கு முந்தின வருடம், மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயைத் தவிர ஒன்றுமில்லை என்று, சிவப்புக்கொடிக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டு மூன்று மீன் பிடித்தான். மூன்றே மீன். அன்றைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் படம் பிடிக்க வந்திருந்தார்கள். சும்பிங் நனைந்த தலைமுடியை உதறி எழுந்து நின்று, ஒரு வருடம் கால் நனைக்கத் தடை என்றாள். வந்தவர்கள் கை தட்டினார்கள். லோஜினா கைக்குழந்தையோடு வந்து, பெரியம்மா, பெரியம்மா என்று அவள் காலைப் பிடித்தாள். ஆற்றுக்குப் பெரியம்மா சித்தி உறவெல்லாம் கிடையாது என்று சும்பிங் சொன்னாள். அந்த வாசகத்தை அச்சடித்து ஊர் எல்லையில் பலகையாக நட்டார்கள். தாய்மின் லகாட் டத்து பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குப் போனான். வருடம் முடிந்தது, வரவில்லை. அங்கே இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று கேள்வி.

அரை மணி நேரம் போனது. சாரோங்கின் மடிப்பில் சொட்டுவது நின்றது.

லோஜினா எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஆற்றுத் தண்ணீர் நிறைந்த வாளி. யாரும் தடுக்குமுன் சும்பிங்கின் தலையில் கவிழ்த்தாள்.

"இப்ப பேசு. என் புருஷனுக்கு எதிராப் பேசினே இல்ல? பேசு, சும்பிங்."

பெரியம்மா என்று கூப்பிடுவது போய்விட்டது. சும்பிங் முகத்தைத் துடைத்தாள், உதட்டைத் திறக்கவில்லை. லோஜினா அடுத்த வாளிக்குக் கிளம்பினாள்.

"நில்லு! இது செல்லாது" என்றார் அன்சோ.

"எது செல்லாது? ஈரமா இருக்கறவரைக்கும் ஆறுன்னு நீங்கதானே எழுதி வெச்சீங்க?"

"ஆத்துல அவ இறங்கணும். நீ மொண்டு ஊத்தினா அது ஆறு இல்ல. வாளித் தண்ணி. பிடெலிஸ், எழுதிக்க."

பிடெலிஸ் எழுதிக்கொண்டான். அவனுக்கு எழுதப் பிடிக்கவில்லை என்பது எழுத்து சாய்ந்த விதத்திலேயே தெரிந்தது. இருந்தும் எழுதினான்.

லோஜினா காலி வாளியோடு கூடத்தின் நடுவில் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூட அவளுக்காக வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்சோவுக்கும் யாரும் தலையாட்டவில்லை.

"சரி, காயட்டும்" என்றாள் அவள். "காஞ்சதும் நான் போயி வலையை எடுப்பேன். இவனுக்கு இல்லாத தடை எனக்கு மட்டும் எதுக்கு?"

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். சமையல் கெட்டது, குழந்தைகள் அழுதன, ஒருவரும் எழுந்து போகவில்லை. சாவு வீட்டில்கூட இந்த ஊர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. ரொனெல் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான், மறுபடி பாக்கெட்டில் போட்டான். குனிந்து அம்மாவின் காதருகே, "இன்னும் கொஞ்சம்தான்மா. இடுப்புக்கிட்ட மட்டும்தான் ஈரம்" என்றான்.

சும்பிங்குக்கு மூத்திரம் முட்டியது. எழுந்தால் விசாரணையை விட்டுப் போனதாக எழுதி அடுத்த வாரம் மறுபடி நனைய வைப்பார்கள். தொடைகளை இறுக்கிக்கொண்டாள். ஆறு அவளிடம் ஒரு நாளும் பேசியதில்லை. கேட்டதெல்லாம் அவளாகக் கேட்டதுதான். ஆற்றைப் பற்றி அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: கையைத் தண்ணீரில் வைத்து அளைந்தால் மீன்கள் வரும். ஆறு வருடமாக அவளே தீனி போட்டுப் பழக்கிய மீன்கள். முழங்கை நீளத்தில் இருக்கும், விரலிடுக்கில் மூக்கை வைத்து முட்டும். வெள்ளிக்கிழமை அவற்றில் எத்தனை போயின என்று அவள் யோசித்தாள். பிறகு ரொனெலின் செருப்பைப் பார்த்தாள். யோசிப்பதை நிறுத்தினாள்.

மணி ஒன்றரைக்கு அன்சோ தலையசைக்க, பிடெலிஸ் வந்து மண்டியிட்டு சாரோங்கின் ஓரத்தைப் பிழிந்து பார்த்தான். பிறகு மடிப்பைப் பிழிந்தான். கை காய்ந்தே இருந்தது.

"காஞ்சிருச்சு" என்றான்.

"ஆறு ஒண்ணும் கேக்கல. விசாரணை முடிஞ்சது" என்றார் அன்சோ.

ரொனெல் அம்மாவின் தோளை அழுத்தினான். லோஜினா யாரையும் திட்டவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் வீடு கூடத்துக்கு எதிரேதான். மரக்கால்களில் நின்ற வீட்டுக்கு அடியில் தொங்கிய மூட்டையை அவிழ்த்து, தாய்மின் விட்டுப்போன வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றை நோக்கி நடப்பதை எழுபத்து மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"அவ மட்டும் அள்ளுவாளா?" என்றது ஒரு குரல்.

அதன்பிறகு ஓட்டம்தான். ஆறு வருடமாக வலையே கிடையாது என்று சொன்ன வீடுகளிலிருந்தெல்லாம் வலை வந்தது. நேற்றுத்தான் நூல் கட்டியதுபோல கிழிசலில்லாத வலைகள். அரிசிச் சாக்கு வந்தது, கொசுவலை வந்தது. பிடெலிஸ் பதிவேட்டை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினான்.

சும்பிங் பின்கட்டில் மூத்திரம் பெய்துவிட்டு வருவதற்குள் கூடம் காலியாகியிருந்தது. சத்தம் கேட்டு அவளும் ஓடினாள். சிவப்புக்கொடிக்கு அருகில் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். அவள் நேராக இறங்கினாள்.

"விடுங்கடா! இது ஆறு கேக்குது! ஒருத்தரும் கால் நனைக்கக் கூடாது! எல்லாருக்கும் தடை! இதோ நனைஞ்சிருக்கேன் பாருங்க, நான் ஆறு!"

"விசாரணை முடிஞ்சுபோச்சு அத்தை" என்று யாரோ கத்தினார்கள். "கடையைச் சாத்தியாச்சு!"

சிரிப்பு எழுந்தது. அதற்குள் மீன்கள் அவளிடம் வந்துவிட்டன. கலங்கிய தண்ணீரில், அத்தனை கால்களுக்கு நடுவில், அவள் காலைக் கண்டுபிடித்து வந்தன. முழங்காலில் முட்டின. லோஜினாதான் முதலில் பார்த்தாள்.

"இங்க வாங்க! எல்லாம் இவகிட்டத்தான் நிக்குது! சும்பிங், நகராத, அப்படியே நில்லு!"

அவளைச் சுற்றி வலை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. போ, போ என்று சும்பிங் இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தாள். தீனி போடும்போது அவள் அப்படித்தான் அடிப்பாள். ஆழத்தில் இருந்தவையும் மேலே வந்தன.

"இன்னும் அடி அத்தை, நல்லா அடி!"

அவள் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். மீன்கள் போகவில்லை. கால்விரல்களை வாயால் தடவிக்கொண்டு காத்திருந்தன. வலைகள் கனமாகி இழுபட்டுப் போயின, வெறுமையாகத் திரும்பி வந்தன.

ரொனெல் கரையில் பேட்டரியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் மேல ஏறுங்க. ஒரே தடவையில முடிச்சிரலாம்."

ஏறினார்கள். சும்பிங் ஏறவில்லை.

"அம்மா, ஏறும்மா. ஷாக் அடிக்கும்."

"அடிக்கட்டும். தண்ணியில வை கம்பியை."

"பைத்தியமா உனக்கு? எனக்காகத்தானே இவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

ரொனெல் பேட்டரியைக் கழற்றி ஒருவனிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். அவளை அரிசி மூட்டைபோலத் தோளில் தூக்கினான். அவள் முதுகில் குத்தினாள், காதைப் பிடித்துக் கிழித்தாள். அவன் விடவில்லை. சரிவில் ஏறும்போது மூச்சு வாங்க, "எடை போட்டுட்டேம்மா நீ" என்றான். பின்னால் ஆற்றில் ஒருவன் பேட்டரியைச் சரிபார்க்கும் சத்தமும், பிள்ளைகள் வாளியோடு ஓடிவரும் சத்தமும் கேட்டன.

வீட்டில் அவளை இறக்கிவிட்டான். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து அவள் தலையில் போட்டான். காதிலிருந்து வழிந்த ரத்தத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"ஈரத்துணிய மாத்து. சளி பிடிச்சிக்கும்" என்றான். "மஞ்சளும் இஞ்சியும் இருக்கான்னு பாரு. சாயங்காலம் குழம்பு வெச்சிரலாம்."

வெளியே போய், கதவைச் சாத்தி, பூட்டினான்.