ஆறாம் நம்பர் காட்டின் கவாத்து

அம்மாவுக்கு நோய் கண்டபோது என்ன வயது என்று இந்துமதியால் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு அப்படியொரு நோய் வந்ததே இரண்டு நிமிடம் முன்புதான் அவளுக்குத் தெரியும்.

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மார்பகப் பரிசோதனை முகாம். "ஊட்டுல யாருக்காவது மார்புல கேன்சர் வந்திருக்குங்களா?" என்று நர்ஸ் ஆன்சி கேட்டபோது முப்பத்தொரு வயது இந்துமதி இல்லை என்றாள். துணைக்கு வந்திருந்த பெரியம்மா விஜயா தரையைப் பார்த்துக்கொண்டே, "இருந்துச்சும்மா. இவ அம்மாவுக்கு" என்றாள்.

"அம்மா செத்தப்ப நெஞ்சுவலின்னுதான சொன்னீங்க?" என்றாள் இந்துமதி.

"நெஞ்சுலதான வந்துச்சு, புள்ள."

"பன்னெண்டு வயசுல சொல்லல, சரி. இருபதுல?"

"சொன்னா உன்னய எவன் கட்டுவான்?"

"கட்டினவன் அருவங்காட்டுல நல்லாத்தான் இருக்கான். கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமே?"

"அப்புறம் எப்புடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அம்மாவின் ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் வேறு வயது. நடுவில் ஒன்பது வருடம் இடித்தது.

ஆன்சி பொறுமையாக விளக்கினாள். "பொதுவா நாப்பதுல ஆரம்பிப்போமுங்க. அம்மாவுக்கு வந்திருந்தா, அவங்களுக்கு வந்த வயசுல பத்தைக் கழிச்சு, அங்கிருந்து ஆரம்பிக்கணும். ஆனா முப்பதுக்கு முன்னாடி மேமோகிராம் எடுக்கறதில்லைங்க. இளவயசு மார்பு படத்துல வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்துல வெள்ளாட்டைத் தேடற மாதிரி. அம்மாவுக்கு அம்பதுல வந்திருந்தா நீங்க நாப்பதுல வாங்க. நாப்பதுக்குள்ள வந்திருந்தா இப்பவே ஆரம்பிக்கணும்."

ஒரு கார்டின்படி இப்போதே. இன்னொன்றின்படி இன்னும் ஒன்பது வருடம் சும்மா இருக்க வேண்டும்.

பெரியம்மா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"அழறத ஊட்டுல வச்சுக்குங்க. கட்டி எப்பத் தெரிஞ்சுது?" என்றாள் இந்துமதி.

"ஆறாம் நம்பர் காட்ட கவாத்து வெட்டுன வருசம். வெட்டுன மிலாற வெறகுக்குக் கட்டிக்கிட்டு வந்தோம். உங்கம்மாவால கட்டத் தலைக்கு ஏத்த முடியல. அக்குள்ல குத்துதுன்னா. தொட்டுப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. அடுத்த மாசந்தான் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனோம்."

"அந்த ஒரு மாசம்?"

"யாருகிட்டயும் சொல்லாதன்னு நாந்தான் சொன்னேன்."

இந்துமதி எழுந்து ஜன்னல் வரை போனாள். கத்த வேண்டும்போல் இருந்தது. கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்ததால் திரும்பி வந்தாள்.

தேயிலைச் செடியை விட்டால் மரமாகிவிடும். அதனால் அந்த எஸ்டேட்டில் ஒவ்வொரு காட்டையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, முறை தவறாமல், முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார்கள். அதுதான் கவாத்து. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் காலண்டரை மறப்பார்கள், கவாத்தை மறக்க மாட்டார்கள், விறகு கிடைப்பது அப்போதுதான்.

"அதுக்கப்புறம் ஆறாம் நம்பர எத்தன தடவ வெட்டியாச்சு?"

பெரியம்மா விரல் மடக்கினாள். "நாலு. கடைசியா போன வருசம்."

போன வருடம் இரண்டாயிரத்து இருபத்துநான்கு. நான்கு கவாத்து பின்னால் போனால் இரண்டாயிரத்து நான்கு.

"அம்மா பொறந்தது?"

"அது யாருக்குத் தெரியும்? சிலோன்லருந்து கப்பல்ல வர்றப்ப அவளுக்கு மொதப் பல்லு விழுந்துச்சு. கடல்ல எறிஞ்சா. எனக்கு அப்பப் பத்து வயசு. எழுவத்துமூணாம் வருசம்."

முதல் பல் விழுவது ஆறு, ஏழு வயதில். அதிலிருந்து இரண்டாயிரத்து நான்குக்கு முப்பத்தொரு வருடம்.

"உங்க தங்கச்சிக்கு வந்ததால நீங்களும் காட்டியிருக்கணுமுங்க" என்றாள் ஆன்சி பெரியம்மாவிடம். "உடம்பு திடமா இருந்தா எழுபத்தஞ்சு வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் டாக்டரும் நீங்களும் பேசி நிறுத்திக்கலாம்."

"எனக்கு எதுக்கும்மா?"

"என்கிட்ட மறைச்சதுல உங்களுக்கே மறைச்சுட்டீங்க" என்றாள் இந்துமதி. "உள்ள போங்க."

பெரியம்மா உள்ளே போனாள். இந்துமதி ஆன்சியிடம் விடையைச் சொன்னாள். அம்மாவுக்கு அப்போது முப்பத்தேழு, முப்பத்தெட்டு. பத்தைக் கழித்தால் இருபத்தெட்டுக்கு மேல் போகாது. கணக்கில் ஓரிரு வருடம் முன்பின் இருந்தாலும் அவளுடைய முப்பத்தொன்று அதைத் தாண்டிவிட்டது. நாற்பது வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வருடமே ஆரம்பிக்க வேண்டும்.