மிச்சம் வைத்த எட்டு மாத்திரைகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன். மிச்சத்தை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த கதை இது. டாக்டர்களை நான் நம்புகிறவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2

காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட அந்த இனிய காலையில்...

(வேண்டாம். வரப்பு வெட்டுகிறவனுக்குக் காலை எப்போது இனித்தது?)

ரெங்கசாமி வரப்பு வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டது. சேற்றுக்காலோடு இரண்டு நாள் திரிந்தார், சீழ் வைத்தது. மன்னார்குடி டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு, ஏழு நாள், விடாமல். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. நிறுத்திவிட்டார். பூச்சி செத்த பிறகும் வயலுக்கு எவனாவது மருந்து அடிப்பானா? மிச்ச மருந்து அடுத்த போகத்துக்கு. எட்டு மாத்திரையும் பூச்சிமருந்து டப்பாவுக்குப் பக்கத்தில், பரணில் ஏறின.

(இந்த நியாயம் எனக்கும் சரியென்றே பட்டது. மருந்துக்கடை மர்யத்திடம் கேட்டேன். "வயல்ல புழு செத்தது கண்ணுக்குத் தெரியும் பெரியவரே. கால்ல மிச்சம் இருக்கிறது தெரியுமா?" என்றது அந்தப் பெண். சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.)

3

ரெங்கசாமியின் மருமகள் ஈஸ்வரிக்குத் தொண்டை வலி, காய்ச்சல். மகன் அரவிந்தன் குவைத்தில்.

"டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடுறேன் மாமா."

"எதுக்கு? அவனும் இதைத்தான் எழுதுவான். இந்தா."

"சின்னதுல ஏதோ ஊசி போட்டு எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சாம். அம்மா சொல்லும்."

"உங்கம்மா கத்திரிக்கா தின்னாலும் தடிக்கும்னு சொல்லும். முழுங்கு."

விழுங்கினாள். அரை மணியில் கழுத்தெல்லாம் தடிப்பு. உதடு வீங்கியது. மூச்சு...

(இங்கே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். மூச்சுக்குத் தவிக்கிறவளை வர்ணிக்க வெட்கமாக இருந்தது.)

ஆட்டோவில் ரெங்கசாமி அவள் முதுகைத் தடவிக்கொண்டே போனார். "மூச்ச விடு ஆயி. விடு ஆயி."

4

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சுத் திணறல் கொஞ்சம் இறங்கியது. பேச்சு வரவில்லை; கண் செருகிக் கிடந்தாள். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "இன்ஃபெக்ஷன் இருக்கு. அதுக்கும் ஒரு ஊசி போட்டுடலாம்."

நர்ஸ் பூர்ணிமா திரும்பினார். "என்ன சாப்பிட்டாங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

முதல் முடிவு: "எறாக் கொழம்பு" என்கிறார் ரெங்கசாமி. அதே இனத்து மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். (இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை.)

இரண்டாவது: மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுகிறார். அவள் சொன்னதையும் சொல்கிறார். (எனக்கு நம்பிக்கை வரவில்லை. சம்பந்தியம்மா சொன்னதைக் கேலி பண்ணி விழுங்கவைத்தேன் என்று நாலு பேர் நடுவில் எந்த மாமனார் சொல்வார்? மகன் போனில் கேட்டால்? நானாக இருந்தால்...)

"பெரியவரே, உங்களத்தான். அது என்ன கால்ல கட்டு?" பூர்ணிமா கேட்கிறார்.

ரெங்கசாமி காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார். கட்டு மறுபடியும் சீழில் நனைந்திருக்கிறது.

"ஒண்ணுமில்லங்க."

5

இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. எழுதினால் அவர் மானத்தைத்தான் காப்பாற்றுவேன். என் புத்தியும் அதே புத்தி. ஆனால் நீங்களும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரியும். மருந்து ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப் பூர்ணிமா பேனா முனையைத் தாளில் ஊன்றிவிட்டார். இந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார்.

நீங்கள் கத்துங்கள்.