இரண்டு பைக்காரா

பைக்காராவைக் காணோம் என்று ஐந்து கம்ப்யூட்டர்களும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தன.

காணாமல் போனது ஏரியும் இல்லை, அருவியும் இல்லை. குன்னூருக்குக் கீழே பனிமுடி எஸ்டேட்டின் பழைய பேக்டரியில், ஒரு காலத்தில் தேயிலையை வாட்டப் போட்ட மாடியில், வாஜித் வரிசையாக அடுக்கி வைத்திருந்த கம்ப்யூட்டர்களுக்கு அதுதான் தலைமை. லவ்டேல், காந்தல், கேத்தி என்று மற்றவற்றுக்கும் ஊர்ப் பெயர்தான். சரிவில் நட்டிருந்த மழைமானிகள் தங்கள் அளவுகளைப் பைக்காராவுக்கு அனுப்பும். பைக்காரா அவற்றைப் பங்கு போட்டுக் கொடுக்க, மற்றவை ஆளுக்கொரு துண்டு மலையைக் கணக்கிட்டு விடையைத் திருப்பித் தரும். எல்லாம் சேர்ந்து, மண் நிற்குமா சரியுமா என்று சொல்லும். சரியும் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயனில் எல்லா வீட்டுப் போனிலும் ஒரே நேரத்தில் சங்கு ஊதும்.

இந்த மழையில் அது ஊதவும் இல்லை, ஊத வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் கிடைக்காத இடத்தில் வேலை எப்படி நடக்கும்?

வாஜித்தோடு வேலை பார்க்கும் ஜோவிதா கீபோர்டின் முன்னால் குனிந்திருந்தாள். அவள் பிறந்து வளர்ந்தது கீழ் லயனில். அவள் அப்பா செலஸ்டின் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன் அடித்தது. அவர்தான்.

"சமையக்கட்டு சுவத்துல தண்ணி கசியுது கண்ணு. காலைல தெளிவா இருந்துச்சு. இப்ப செவப்பா வருது."

"அப்பா, எல்லாத்தையும் கூட்டிட்டு ஸ்கூலுக்கு மேல வந்துருங்க."

"சங்கு ஊதலையே."

"நான் சொல்றனுங்கப்பா."

"நீதான கண்ணு அன்னிக்கு எல்லாத்துக்கும் முன்னால நின்னு சொன்ன, மெசின் சொன்னா மட்டும் கெளம்புங்கன்னு? இங்க ஆறுக்குட்டி அதையேதான் சொல்லிட்டு நிக்கறான். நான் மட்டும் கெளம்பினா நல்லாவா இருக்கும்?"

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். போன வருஷம் மேனேஜர் வானம் கறுத்தபோதெல்லாம் லயனைக் காலி செய்யச் சொன்னார். மண் சரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பீன்ஸ் கொடியைக் காட்டெருமை மேய்ந்திருந்தது, ஓட்டைப் பிரித்துக் குரங்கு இறங்கியிருந்தது. மூன்றாம் தடவை ஒருவரும் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் வாஜித் லயன் முற்றத்தில் கூட்டம் போட்டான். ஊட்டி மார்க்கெட்டில் குடும்பக் கடையான அபுபக்கர் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தவழ்ந்தவன். பேச்சில் அவனிடம் ஜெயிக்க முடியுமா? இனி மேனேஜர் சொன்னாலும் பாதிரியார் சொன்னாலும் கிளம்பாதீர்கள், மெசின் ஊதினால் மட்டும் கிளம்புங்கள் என்றான். லயனில் வளர்ந்த பெண் பக்கத்தில் நின்று அதையே சொன்னாள். சரக்கு நன்றாகப் போணியாகிவிட்டது.

"ஒயரை மாத்திட்டேன், எல்லாத்தையும் அணைச்சுப் போட்டுட்டேன்," என்றான் வாஜித். "இன்னும் என்னம்மா வேணுமாம் அதுக்கு? மாலை மரியாதையா?"

"சும்மா இருங்கண்ணா. நம்பர் போட்டுக் கூப்பிட்டா பைக்காரா வருது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வருது. ஆனா நீங்க யாருன்னு கேக்குது."

"பதில் வருதுல்ல, அப்ப ஆள் இருக்குது."

"வேலை தெரியாத ஆள் இருக்குதுங்கண்ணா."

அவள் எழுந்துபோய், பைக்காராவின் பிளக்கையே பிடுங்கினாள். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. திரும்பி வந்து பைக்காராவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பைக்காரா பதில் சொன்னது.

வாஜித் செத்துக் கிடந்த பெட்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"கொசுறு," என்றான்.

"என்னது?"

"போன மாசம் இந்த மாடிக்கு வாடகை பேசினப்ப கீழ் ஆபீசு நஞ்சப்பன் எறங்கவே மாட்டேன்னாரு. பேரம் முடியட்டும்னு பழைய பைக்காராவைக் கொசுறாக் குடுத்தேன். பழசைக் குடுத்துட்டுத்தான புதுசை வாங்கினேன்."

"பேரை அழிச்சீங்களா?"

அவன் அழிக்கவில்லை. கடை கைமாறினால் மார்க்கெட்டில் போர்டைக் கழற்ற மாட்டார்கள். பேருக்குத்தான் வாடிக்கை. அதே பழக்கத்தில் புதுப் பெட்டிக்கும் பைக்காரா என்றே போர்டு மாட்டியவன், பழைய போர்டை இறக்க மறந்திருந்தான். மாடிக்கும் கீழ் ஆபீசுக்கும் ஒரே இன்டர்நெட் போதும் என்று பேசி முடித்ததும் அவன்தான். எனவே, கீழே பழையது கண் விழிக்கும்போதெல்லாம் நான்தான் பைக்காரா என்று எல்லாருக்கும் அறிவித்தது. எல்லாரும் நம்பினார்கள்.

வாஜித் படிகளில் சறுக்கிக்கொண்டே ஆபீசுக்கு ஓடினான். ஹெட் கிளார்க் நஞ்சப்பன் மப்ளருக்குள் தலையை இழுத்துக்கொண்டு, பழைய பைக்காராவில் ஆட்களின் வருகைக் கணக்கான மஸ்டரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதை எப்பங்க போட்டீங்க?"

"மழை புடிச்சதுல இருந்து. கொழுந்து பறிப்பு இல்ல, கையில வேலை இல்ல. மாசக் கடைசி வேலையை இப்பவே முடிச்சுப்போடலாம்னு பாத்தேன். ஏன், திருப்பிக் கேக்க வந்தியா? குடுத்ததைக் கேக்கறது உங்க கடை வழக்கமா?"

"இல்லீங்க, அணைக்கணுங்க. இப்பவே."

"பாதி ஏத்திருக்கேன். மழை நின்னா அணைக்கறேன்."

பேரம் பேச எல்லாம் இருந்தது வாஜித்திடம். நேரம் மட்டும் இல்லை. கை நீட்டி வயரை உருவினான். நஞ்சப்பன் திட்டிய திட்டு படிவரை அவனைத் துரத்தியது.

மேலே ஜோவிதா புதுப் பைக்காராவுக்கு உயிர் கொடுத்தாள். ஐந்து பெட்டிகளுக்கும் இன்னும் பழைய முகவரிதான் மனப்பாடம். ஒவ்வொன்றாக மறக்கடித்தாள். மறந்த மறுகணமே சரியான பைக்காராவைக் கண்டுபிடித்து வேலையை வாங்கிக்கொண்டன. விசிறிகள் சேர்ந்து இரைந்தன. இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

விடை பச்சையில் வந்தது. மண் நிற்கும்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று வாஜித் ஸ்டூலில் சாய்ந்தான்.

ஜோவிதா சாயவில்லை. அப்பா சொன்ன சிவப்புத் தண்ணீர் கண்ணுக்குள் ஓடியது. மழையின் கணக்கைத் திறந்து பார்த்தாள். மழை பிடித்த நாளில் இருந்து மழையே இல்லை என்று இருந்தது.

"இங்க பாருங்கண்ணா. மழைமானியும் பேர் சொல்லித்தான அனுப்புது. எல்லாம் கீழ அந்தப் பெட்டிக்குப் போயிருக்குது. அது வாங்கி வைக்கல, தள்ளி விட்ருச்சு. இது என்னடான்னா, வராத மழையைப் பெய்யாத மழைன்னு போட்டுக் கணக்குப் பாத்திருக்குது."

"இப்ப சரி பண்ணிட்டமே? இனி வருமில்ல?"

"இனிப் பெய்யறது வரும். பெஞ்சது போச்சு. மலை காஞ்சு கெடக்குதுன்னு நெனைச்சுட்டிருக்குது இது."

போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. திரையின் மூலையில், சோதனைக்கென்று அவளே வைத்திருந்த சங்குப் பொத்தான் இருந்தது. கர்சரை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இன்னிக்குப் பொய்யாப் போச்சுன்னா, இதுக்கு மேல எப்ப ஊதினாலும் ஒருத்தரும் வர மாட்டாங்க."

"அடுத்த தடவைக்கு ஆள் இருந்தாத்தானம்மா வரதும் வராததும். அமுக்கு," என்றான் வாஜித்.

அமுக்கினாள்.

பேக்டரிக்குக் கீழே எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது லயனே ஏறி வந்திருந்தது. சாக்கைத் தலையில் போட்டபடி, கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடி, டிவியைப் போர்வையில் சுற்றியபடி வராந்தா நிறைய ஆட்கள். செலஸ்டின் வாசற்படி ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் கேட்டார்.

"மெசின்தான கண்ணு சொல்லுச்சு?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாஜித் அவளுக்குப் பின்னால் நின்று அந்தச் சொல்லுக்காகத் தவித்தான். ஆனால் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இல்லீங்கப்பா. மெசின் ஒண்ணும் ஆகாதுங்குது. அதுக்குத் தப்புத் தப்பாத் தெரிஞ்சிருக்குது. நாந்தான் ஊதினேன்."

ஆறுக்குட்டி போர்வையில் சுற்றிய டிவியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அப்ப கெளம்பலாம். போன வருசம் மேனேஜர், இந்த வருசம் செலஸ்டின் மக. என்ற ஊட்டு ஆடு கட்டுத்தறியிலயே நிக்குது."

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். வாஜித் போய்ப் படியை மறித்தான்.

"ஆறுக்குட்டியண்ணா, விடியற வரைக்கும் இருங்க."

"வழியை விடப்பா."

"செரி, விடியற வரைக்கும் வேண்டாம். இருட்டற வரைக்கும்."

"இருட்டினா எப்படி எறங்கறது?"

"செரி, அதுவும் வேண்டாம். தெய்வம்மாக்கா டீ போட்டுட்டு இருக்குது. நனைஞ்சு வந்திருக்கறீங்க. டீயைக் குடிச்சுட்டுப் போங்க. அதுக்கு மேல நான் நின்னா என்னையத் தள்ளிட்டுப் போங்க."

ஆறுக்குட்டி யோசித்தார். டீ வேண்டாம் என்று சொல்ல அந்தக் குளிரில் யாருக்கும் மனம் வராது. வாஜித் சமையல்கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, நல்லாக் கொதிக்கட்டும், அவசரமில்ல" என்றான். உள்ளே தெய்வம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்பைக் குறைத்தாள்.

எவ்வளவு குறைத்தாலும் டீ கொதிக்காமல் இருக்குமா? டம்ளர்கள் வந்தன. ஊதி ஊதிக் குடித்தார்கள். ஆறுக்குட்டி இரண்டே வாயில் முடித்துவிட்டு செலஸ்டினைப் பார்த்தார். பஞ்சாயத்தோ துக்கமோ, லயனில் நாலு பேர் கூடி டீ குடித்தால் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள்.

அங்கே மூத்தவரான செலஸ்டின் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"ஆறிப்போகுதுங்க மாமா," என்றார் ஆறுக்குட்டி.

"சூடு ஆகாது எனக்கு."

மழை தகரத்தில் இறங்கியது. டீயின் மேல் ஏடு கட்டியது. யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை ஊட்டுக்குப் போலாம் என்று அழுதது. ஆறுக்குட்டி எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தார்.

"குடிக்கறதுன்னா குடிங்க, இல்லீன்னா வைங்க. இதென்ன வெளையாட்டு?"

செலஸ்டின் நிமிரவில்லை. ஜோவிதா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

"இனி நான் இருக்க மாட்டேன்," என்று ஆறுக்குட்டி படியில் ஒரு காலை இறக்கினார். வாஜித் இந்த முறை மறிக்கவில்லை.

அப்போது கீழே, லயன் இருக்கும் பக்கத்தில், லாரியில் இருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. கொட்டி முடிகிற நேரம் தாண்டியும் அது கொட்டிக்கொண்டே இருந்தது. படியில் வைத்த காலை ஆறுக்குட்டி மெதுவாக மேலே இழுத்துக்கொண்டார்.

செலஸ்டின் அப்போதும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. டம்ளர் சாய்ந்து, ஆறிய டீ அவர் வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தது.