இலியோன் நகரத்துக் காசு

திருநாவுக்கரசு இறந்து ஐந்து நாளாகியும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் இறுதிச்சடங்கு மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சுற்றியிருந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு காசைத் தடவிக்கொண்டிருந்தேன். அது திருவின் காசு. நான் களவெடுத்தது.

பதினொரு வருடமாக ஞாயிறு தவறாமல் எல்லர்ஸ்லியில் அவர் வீட்டுக்குப் போய் வந்தவன் நான். அவர் தமிழ்நாடு, நான் யாழ்ப்பாணம். அரசியல் பேசினால் அடிபிடியில் முடியும் என்பதால் அவர் சேர்த்துவைத்த பழங்காசுகளைப் பற்றிப் பேசினோம். ரோமர் ஆட்சிக்குக் கீழ் இருந்த ஊர்கள் தாமே அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகள் அவை. ஒரு பக்கம் பேரரசன் தலை, மறுபக்கம் ஏதாவதொரு கிரேக்கக் கதை. அவரிடம் இருந்ததிலேயே எனக்குக் கண் விழுந்தது இலியோன் நகரத்துக் காசில்தான். இலியோன் என்பது திராய்தான்; காசில், எரியும் அந்த நகரத்திலிருந்து ஐனியாஸ் என்ற வீரன் தப்பிப் போகிறான். தோளில் கிழட்டுத் தகப்பன், கையைப் பிடித்தபடி சின்ன மகன்.

"பொண்டாட்டி எங்கங்க?" என்று திருவின் மனைவி அம்புஜம் ஒருமுறை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"தப்பிக்கிற அவசரத்துல தவறிப்போயிட்டா," என்றார் திரு.

"ரொம்ப நல்ல ஆளு. டிராயர்லயே வைங்க அவன."

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, திரு போன் பேச உள்ளே போன நேரம் அதை எடுத்துப் பையில் போட்டேன். காரணம் கேட்டால் ஆசை, அவ்வளவுதான். அடுத்த வாரம் வைத்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் வீடு இரண்டுபட்டுவிட்டது. வேக்யூம் பிடிக்கும்போது தொலைத்துவிட்டாள் என்று அம்புஜத்தைத் திரு கரித்துக் கொட்டினார். பத்தாம் நாள் அவர்களுடைய மகன் அகில், "நான்தான் ஆன்லைன்ல வித்தேன்," என்றான். நான் அங்கேதான் இருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பையன் ஏன் பொய் சொல்கிறான் என்றுகூட யோசிக்கவில்லை. தப்பினேன் என்று மட்டும் நினைத்தேன்.

அதன்பிறகு திரு மகனோடு பேசவில்லை. அகில் மனுரேவாவில் அறை எடுத்துக்கொண்டு போனான். ஐந்து மாதம். பிறகு திருவுக்கு மாரடைப்பு.

சடங்கு முடிந்ததும் மற்றவர்களோடு வீட்டுக்குப் போய், காசை டிராயருக்குப் பின்னால் நழுவவிடுவது என் திட்டம். யாராவது கண்டெடுக்கட்டும், பையன் பெயர் மீளட்டும், எனக்கும் சேதமில்லை.

"நெத்தியில வைக்க ஒரு காசு வேணும்," என்று பெட்டியருகே நின்ற அம்புஜம் கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்த வழக்கத்தை நான் கண்டதில்லை. நாற்பது பேர் பைகளைத் தட்டிப் பார்த்தார்கள். எல்லோரிடமும் கார்டும் போனும்தான். ஆக்லாந்தில் யார் சில்லறை கொண்டு திரிகிறார்கள்? ஒருவர் தெருமுனை டெய்ரிக் கடைக்கு ஓடிச் சில்லறை வாங்கி வருகிறேன் என்றார். மண்டபத்து ஊழியப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

காசு அவரோடு நெருப்புக்குள் போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. டிராயரும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். அகில் மேலிருந்த பழி அப்போது நினைவில் இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"என்னட்ட ஒண்டு இருக்கு," என்றேன். பேரரசன் தலை மேலே தெரியும்படி அம்புஜத்தின் கையில் வைத்தேன். அவர் பார்க்காமலே மகனிடம் நீட்டினார். வைக்க வேண்டியவன் மகனல்லவா.

அகில் அதைத் திருப்பினான். நெடுநேரம் பார்த்தான்.

"மாம். திஸ் இஸ் தட் காயின்."

"நீ வித்துட்டேன்னு சொன்னியேடா?"

"அப்பா உங்கள கத்திட்டே இருந்தார். நிறுத்தணும்னு சொன்னேன்."

அம்புஜம் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் காசை அகிலிடமிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நீங்களே வைங்கண்ணா. அவர்கிட்ட சொல்லிட்டு வைங்க."

பெட்டியருகே போனேன். திருவின் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. விரல் பட்டதும் குளிர்ந்தது.

"திரு, நான்தான் எடுத்தனான்," என்று முணுமுணுத்தேன்.

"சத்தமா," என்றார் அம்புஜம்.

"காசை நான்தான் எடுத்தனான், திரு. அகில் விக்கேல்ல. அவன் ஒண்டும் செய்யேல்ல."

சொல்லிவிட்டுக் குனிந்தபடியே நின்றேன். நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிற மனிதர் அவர். பதிலுக்காகத்தான் நிற்கிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தே எனக்குப் புரிந்தது. அவர் செத்துப்போனது அப்போதுதான் உறைத்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். யாரும் என்னைத் தொடவில்லை.