மூன்றாவது பெயர்

வெளியுறவு அமைச்சகத்தில் அவருக்குத் 'தண்ணி சார்' என்று பெயர். குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் டீயைக்கூட ஆற வைத்துத்தான் குடிப்பார். எந்த அறிக்கை காரமாக எழுதப்பட்டு வந்தாலும் அதில் தண்ணீர் ஊற்றி, யார் குடித்தாலும் தொண்டை எரியாதபடி ஆக்கிவிடுவார். அதனால் வந்த பெயர். அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்து நாட்டு விவகாரம் முழுக்க அவர் மேசையில்தான். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாளிலிருந்து அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. முதலில் 'நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறோம்.' கூட்டத்தின் மேல் தடியடி நடந்தபோது 'கவலை தெரிவிக்கிறோம்.' துப்பாக்கிச் சூடு நடந்தபோது 'ஆழ்ந்த கவலை.' 'கண்டிக்கிறோம்' என்ற சொல்லை அவர் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தொலைத்துவிட்டார் என்று கேன்டீனில் கிண்டல் அடிப்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த நாட்டிலிருந்து குழாயில் எரிவாயு வருகிறது. இங்கே அடுப்பு எரிவதும் ஆலை ஓடுவதும் அதில்தான். வாய்க்கு வந்ததைப் பேசி, அவர்கள் வால்வை மூடினால் யார் பதில் சொல்வது?

ஒரு நாள் காலை, ஆபீசுக்குப் போக அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். அவருக்கு ஒரே தங்கை. அந்த நாட்டு மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். மாப்பிள்ளை அறுவை சிகிச்சை டாக்டர். தங்கமான மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணா, அவரைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"யாரு? எங்கேருந்து?"

"ஆஸ்பத்திரிலேருந்து. ஆபரேஷன் தியேட்டர்ல போட்டிருந்த உடுப்போடவே. இவரு, மயக்க மருந்து டாக்டர், எலும்பு டாக்டர், மூணு பேரையும் ஒரே வண்டில ஏத்தினாங்களாம். குண்டு பட்டுக் கிடந்த பசங்களுக்கு வைத்தியம் பாத்ததுதான் குத்தமாம்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பயப்படாதேம்மா. நான் பாக்கறேன்."

"பாக்கறேன்னா போதாதுண்ணா. பேரைச் சொல்லிக் கேக்கணும். உங்க அறிக்கைல வழக்கமா வருமே, பொத்தாம் பொதுவா, அப்படி வேண்டாம். வெளிநாட்டுக்காரன் பேர் சொல்லிக் கேட்ட ஆள்மேல கை வைக்க இவங்க யோசிப்பாங்களாம். இங்க எல்லாரும் சொல்றாங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதானே உனக்குப் போன் பண்றேன்," என்றாள் அவள்.

நன்றாகவே தெரியும். புதிதாக வேலைக்கு வரும் அதிகாரிகளுக்கு அவரே வகுப்பு எடுத்திருக்கிறார். காவலில் இருப்பவனின் பெயரை ஒரு அரசாங்கம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், சிறைக்காரன் அவனைப் பற்றிக் கணக்குச் சொல்லியாக வேண்டும். பெயர் வராதவன் கேட்பாரற்றவன். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய மனிதர் அவர்.

ஆபீசுக்குப் போனால், அந்தக் கைது பற்றிய அறிக்கையின் வரைவு தயாராக இருந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரி, அந்த நாட்டுத் தூதரகத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய பெண்மணி. பிடித்தால் உடும்புப் பிடி. விடிந்ததிலிருந்து அங்கே இருக்கும் பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு, மூன்று டாக்டர்களின் பெயரையும் விசாரித்து, உறுதி செய்து, அறிக்கையில் போட்டிருந்தாள். மூன்றாவது பெயர் தண்ணி சாரின் மாப்பிள்ளை என்பது அவளுக்குத் தெரியாது.

கேட்காமலே கையில் வந்து விழுந்த காரியம்! அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு அதை மேலே அனுப்ப வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரைவு வர்த்தகத் துறைக்கும் பாதுகாப்புத் துறைக்கும் போகும். மதியச் சாப்பாட்டுக்குள் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, செயலாளர் கையெழுத்துப் போட்டு வெளியிட்டுவிடுவார். எத்தனையோ பேரின் தலையெழுத்து அப்படி யாரும் வாய் திறக்காததால் நல்லபடியாக முடிந்திருக்கிறது.

ஆனால் மனிதர் பேனாவைத் திறந்தார்.

ஏன் என்று கேட்கிறீர்களா? முன்பு அந்த அமைச்சகத்தில் ஒருவர் தன் சம்பந்தி வீட்டு வேலைக்காக ஒரு தூதரகத்தையே ஓடவிட்டார் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. பென்ஷன் வாங்கிப் போகும்வரை அவரை எல்லாரும் 'சம்பந்தி' என்றே கூப்பிட்டார்கள். தண்ணி சாருக்கு அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. தங்கச்சி புருஷனுக்காக நாட்டையே வம்பில் இழுத்து விட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் சொன்னால்? தூதராக அனுப்பப்படுகிறவர்களின் வரிசையில் அந்த வருஷம் அவரும் இருந்தார். இது நேர்மை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருக்கலாம். நேர்மையும் பயமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் எது எது என்று போட்டவனுக்கே தெரியாது. மூன்றாவது பெயரை அடித்துவிட்டு 'மற்றும் பிறர்' என்று எழுதினார்.

அதிகாரி திரும்ப வந்து மேசை முன்னால் நின்றாள்.

"சார், ஒரு பேரை எடுத்திருக்கீங்க."

"அது இன்னும் உறுதியாகலை."

"நான் ரெண்டு பேர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டேன் சார்."

"எனக்குத் திருப்தியில்லைம்மா."

"மூணு பேரையும் ஒண்ணாத்தான் சார் பிடிச்சாங்க. ரெண்டு பேரைக் கேட்டுட்டு ஒருத்தரை விட்டா, அந்த ஆளைப் பத்தி நமக்கு அக்கறை இல்லைன்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிடாதா? நீங்கதானே சார் வகுப்புல சொன்னீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. "பிறர்னு போட்டிருக்கேன்ல? அதுக்குள்ள அவரும் அடங்குவார். எடுத்துட்டுப் போ," என்றார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். வர்த்தகத் துறை வாய் திறக்கவில்லை. பாதுகாப்புத் துறையும் திறக்கவில்லை. அறிக்கை வெளியானது.

சொல்லி வைத்தாற்போல அது வேலை செய்தது. அந்த வாரமே இரண்டு டாக்டர்களையும் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். முகம் வீங்கியிருந்தது, கை கட்டப்பட்டிருந்தது. ஆனால் உயிரோடு நின்றார்கள். அமைச்சகத்தில் எல்லாரும் தண்ணி சாரின் தோளைத் தட்டினார்கள். பரவாயில்லையே, உம்ம தண்ணியிலும் கொஞ்சம் காரம் இருக்கிறதே என்று கேன்டீனில் ஒருவர் சொல்ல, சிரிப்பு. நீதிமன்ற வாசலில் எடுத்த படத்தை அவர் எத்தனை முறை பார்த்தாலும் அதில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

தாங்க முடியாமல் செயலாளர் அறைக்குப் போனார். செயலாளர் அம்மாள் கறாரான மனுஷி. நல்லது கெட்டது எதையும் முகத்தில் காட்டமாட்டார்.

"மேடம், அந்த அறிக்கைல ஒரு பேர் விட்டுப்போச்சு. அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"தெரியும்," என்றார் அம்மாள்.

"தெரியுமா?"

"உங்க தங்கச்சி கல்யாணத்துல முதல் வரிசைல உக்காந்து சாப்பிட்டவ நான். மூணு டாக்டரும் யார்னு காலைலயே எனக்குச் செய்தி வந்தாச்சு. உங்க மாப்பிள்ளை பேர் இருக்கும், கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடலாம்னு பேனாவை எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வந்த காகிதத்துல ரெண்டு பேர்தான் இருந்தது. சரி, வெளியில சொன்னா ஆபத்துன்னு குடும்பத்துல வேற வழி பாக்கறீங்க போலன்னு நினைச்சேன்."

"நான் வேற எந்த வழியும் பாக்கலை மேடம்."

"அப்புறம் ஏன்யா எடுத்தீங்க?"

"சொந்தக்காரன்னு யாராவது..." என்று இழுத்தார். அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளைன்னா போட்டிருப்பீங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்கறதால எடுத்துட்டீங்க. அந்த ஆள் என்னய்யா பாவம் பண்ணினார்?"

இன்னொரு அறிக்கை விடலாமா என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். அதற்குள் எரிவாயு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்த நாட்டு அமைச்சர் கிளம்பி வந்துகொண்டிருந்தார். ஊரெல்லாம் கொடி கட்டியாகிவிட்டது. இந்த நேரத்தில் ஒரு வரிகூட முடியாது, நேரில் வாய்வார்த்தையாகக் கேட்கிறேன் என்றார் அம்மாள். சொன்னபடி கேட்கவும் செய்தார். வந்த அமைச்சர் சிரித்துக்கொண்டே, அப்படி ஒரு ஆள் எங்கள் காவலில் ஒருபோதும் இருந்ததில்லை, இருந்திருந்தால் நீங்களே உங்கள் அறிக்கையில் சொல்லியிருப்பீர்களே என்றாராம். அந்த வருஷம் தூதர் பதவி தண்ணி சாரைத் தேடி வந்தது. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன செய்து என்ன?

மழைக்காலம் முடிந்து தங்கை தன் மகளை அழைத்துக்கொண்டு எல்லை தாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். ஆனாலும் வந்தவுடன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னால முடிஞ்சதைப் பண்ணியிருப்பேண்ணா, எனக்குத் தெரியும்," என்றாள். அதைவிட அவள் அவரை நாலு அறை அறைந்திருக்கலாம். அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். தள்ளித் தள்ளியே பழகிய கை.

அப்படியே நாள் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதலையாகி நாடு கடத்தப்பட்ட மயக்க மருந்து டாக்டர் அவளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அகதிகள் விடுதியில் தங்கியிருந்தாராம். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அண்ணன் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் குழந்தையை உள்ளே கூட்டிப்போனாள். தண்ணி சார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல மூணு பேரும் ஒரே அறைலதாம்மா இருந்தோம்," என்றார் டாக்டர். "அவர்தான் எங்களுக்குத் தைரியம் சொல்லுவார். என் மச்சான் அந்த அமைச்சகத்துலதான் இருக்கார், நம்ம மூணு பேர் பேரும் வந்துடும், பேர் வந்துட்டா அடி நின்னுடும்னு. ஜோக் எல்லாம் அடிப்பார். என் மச்சான் ரொம்ப மெதுவா எழுதுவார், அதான் லேட்டுன்னு."

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "அவர் அப்படித்தான் பேசுவார்."

"ஒரு நாள் அதிகாரி ஒருத்தன் உங்க அறிக்கையை அச்சடிச்சு எடுத்துட்டு வந்தான். என் பேரைப் படிச்சான். எலும்பு டாக்டர் பேரைப் படிச்சான். எங்க ரெண்டு பேரையும் வேற கட்டடத்துக்கு மாத்தினாங்க. இவர் எழுந்து நின்னுட்டே இருந்தார். இன்னொரு தடவை படிங்க, அதுல என் பேரும் இருக்கும்னார். அவன் காகிதத்தை அவர் கையிலேயே கொடுத்தான். அதுக்கப்புறம் நான் அவரைப் பாக்கலைம்மா."

உள்ளே குழந்தை எதையோ கேட்பதும் அண்ணி பதில் சொல்வதும் கேட்டது. தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மேலிடத்துல பேரை அடிச்சுட்டாங்களாண்ணா? அந்தச் செயலாளர் அம்மாவா? வர்த்தகத்துக்காரங்களா?"

பாருங்கள், அப்போதும் அவளே அவருக்கு வழிவிட்டாள். ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். ஆயுள் முழுக்க அந்த வித்தையைச் செய்து பிழைத்த மனிதர். அன்றைக்கு அவருக்கு அது வரவில்லை.

"நான்தாம்மா," என்றார்.

"என்ன நீதான்?"

"மூணு பேர் பேரும் எழுதித்தான் வந்தது. உன் வீட்டுக்காரர் பேரை நான்தான் எடுத்தேன். சொந்தக்காரனுக்காகச் செஞ்சான்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன். யாருமே என்னை எடுக்கச் சொல்லலை."

அவர் வாய்விட்டு அழுதார். அந்த வீட்டில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. தங்கை அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று அவர் காத்திருந்தார்.

"வேற யாரு எடுத்திருந்தாலும் நான் உன் மேல சாஞ்சு அழுதிருப்பேண்ணா," என்றாள் மெதுவாக. "இப்ப யார்கிட்டப் போய் அழுவேன்?"

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "நீங்க தங்கியிருக்கற இடத்துல எனக்கும் பிள்ளைக்கும் ஒரு ரூம் கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்கும்மா என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். கனமான பெட்டி. தண்ணி சார் எழுந்து அதை வாங்கக் கையை நீட்டினார். அவள் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, மகளைக் கூப்பிட்டு, படியிறங்கிப் போனாள்.