லீல் உணவகத்தின் வெறுந்தட்டு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் எங்கள் தமிழ் இதழை நடத்துபவர் நாகமுத்து அண்ணை. 2008 வசந்தத்தில் அவர் பென்ஜமினை அழைத்தார். எங்கட சனம் பிரான்சுக்குப் போனால் பாரிசில் கொத்துரொட்டி சாப்பிட்டு, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறது, பிள்ளைகள் பின்சீற்றிலிருந்து முகம் சுளிக்கிறார்கள் என்றார். அங்கே வேறு நகரங்களும் இருக்கின்றன, புதுப்புது இடங்கள் திறக்கிறார்கள், சாப்பிட, குடிக்க, ஆறுதலாக இருக்க. நீ அடிக்கடி போய்வருகிறவன், மாதம் ஒரு பக்கம் எழுது என்றார்.

பென்ஜமின் எழுதினான். மூன்று மாதங்கள் எழுதினான். அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதுதான் இந்தக் கதை.

பென்ஜமின் நான்தான். 'நான்' என்று தொடங்கிய வரைவுகள் எல்லாம் இரண்டாம் வரியில் நின்றுவிட்டன. 'அவன்' என்று எழுதினால் எழுந்து நடக்கிறான். ஆகவே அவன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், லீல் நகரின் கல் பாவிய தெருவொன்றில்,

(மழை பெய்யவில்லை.)

"டெல்சி இறந்த பிறகு பென்ஜமினுக்கு எந்த உணவும் ருசி

(பொய். நன்றாகச் சாப்பிட்டான். வீட்டில்.)

"ஒரு உணவகத்தை அறிய வேண்டுமென்றால் அதன் கூரையில் ஏறவேண்டும்."

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

பென்ஜமின் ஆஹெனில் படித்த பொறியியலாளன். சமையலறைகளிலிருந்து புகையையும் மணத்தையும் உறிஞ்சி வெளியேற்றும் குழாய்களை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. அந்த வருடம் தை மாதத்திலிருந்து பிரான்சில் உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. சிகரெட் மணம் போனதும் முதலாளிமாருக்குத் தங்கள் கடையின் உண்மையான மணம் தெரிந்தது: பழைய எண்ணெய், ஈரச்சுவர், கழிவறை. எல்லோரும் ஒரே நேரத்தில் குழாய்க்காரரைத் தேடினார்கள். ஸ்திராஸ்பூர்க், லியோன், நாந்த், லீல் என்று பென்ஜமின் ஓடினான். பல இடங்களில் கதிரை வந்து இறங்குமுன்பே அவன் வந்திருந்தான்.

அதனால் அவனுடைய பக்கம் மற்றவர்கள் எழுதுவதுபோல இருக்கவில்லை. ஸ்திராஸ்பூர்க்கில் சரக்குப் படகொன்றை வைன் அருந்தும் இடமாக மாற்றியிருந்தார்கள். முன்பக்கம் இருந்தால் ஆற்றின் மணம் வரும், பின்பக்கம் இருந்தால் பாலாடைக்கட்டியின் மணம் வரும், உங்கள் துணைக்கு எது பிடிக்கும் என்று கேட்டுவிட்டு இருங்கள் என்று எழுதினான். லியோனில் பட்டுக் கிடங்கொன்றின் நடுவில் அடுப்பு, சுற்றிவர மேசைகள். அடுப்புக்கு இடப்பக்கம் இருங்கள், வலப்பக்கம் இருந்தால் வெங்காய மணத்தோடு வீட்டுக்குப் போவீர்கள் என்று எழுதினான். நாந்தில் காலைச் சாப்பாட்டுக்கென்றே ஒரு இடம், கதிரைக்குப் பதில் துணி ஊஞ்சல். கோப்பியோடு ஏறவேண்டாம் என்று எழுதினான்.

வாசகர்களுக்குப் பிடித்தது. கொலோனிலிருந்து ஒரு குடும்பம் லியோன்வரை காரோட்டிப்போய் இடப்பக்கம் கேட்டு இருந்ததாம்.

இந்த இடங்கள் ஒன்றிலும் பென்ஜமின் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

3

காரணம் ஒரு நேர்த்திக்கடன்.

2006 ஆவணியில், வழக்கம்போல, ஜெர்மனியிலுள்ள தமிழர்கள் கேவலார் மாதா கோவிலில் திரண்டிருந்தார்கள். மனைவி டெல்சிக்கு நோய் என்று தெரிந்து சில வாரங்கள். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் பென்ஜமின் சத்தமாகவே சொன்னான், அவள் சுகமாகிற மட்டும் தான் வெளியில் கைநனைக்க மாட்டேன் என்று.*

* கைநனைத்தல் என்றால் எங்களுக்குள் சாப்பிடுதல். இன்னார் வீட்டில் கைநனைக்க மாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் இருந்த குடும்பங்கள் உண்டு. முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

பக்கத்தில் நின்ற டெல்சிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப என்ர பிறந்தநாளுக்கு நான் தனியவோ ரெஸ்ரோரண்டுக்குப் போறது?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடிக்கிறேல்லை, புகைக்கிறேல்லை. உங்களிட்ட விடுறதுக்கு வேற ஒண்டும் இல்லைத்தான்," என்றாள்.

அடுத்த மாசியில் இறந்தாள்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

சுகமாகிற மட்டும் என்பது நிபந்தனை. அவள் சுகமாகவில்லை. ஆகவே நேர்த்தி முடியவில்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். பென்ஜமினுக்கு அது ஒழுங்காக இருந்தது. நேர்த்தி தொடரும்வரை டெல்சி சுகமாக வேண்டியவள். முடிந்தால், இறந்தவள். அவன் பாண் ரொட்டிக்குள் சம்பல் வைத்துக் கொண்டுபோய், அழகான உணவகங்களின் பின்வாசலில் காரை நிறுத்திச் சாப்பிட்டான்.

4

பேர்பெச்சுவா வரும் இடம் இது. எழுதக் கஷ்டமானவர்.

டெல்சியின் அக்கா. கொலோனில் இருக்கிறார். முதல் வரைவில் அவரை அழவைத்தேன். அவர் யாருக்கும் முன்னால் அழுகிறவர் அல்ல. இரண்டாம் வரைவில் தத்துவம் பேசவைத்தேன், அது இன்னும் மோசம். உண்மையில் அவர் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர். சாப்பாட்டில் பிரியமானவர். நல்ல கடை திறந்தது என்று கேள்விப்பட்டால் அடுத்த சனிக்கிழமை அங்கே இருப்பார். கணவர் கிறிஸ்ரியன் அண்ணை காரோட்டுவார், தரிப்பிடத்தைப் பற்றி முறைப்பாடு சொல்வார், சாப்பிடுவார்.

மூன்றாவது பக்கம் வந்த கிழமை பேர்பெச்சுவா அழைத்தார்.

"தம்பி, மூண்டையும் வாசிச்சன். காத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர், கதிரையைப் பற்றி எழுதியிருக்கிறீர். உப்புக் காணுமோ காணாதோ எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. நீர் சாப்பிடேல்லை, என்ன?"

"ஓம் அக்கா."

நாகமுத்து அண்ணை மூன்று பக்கங்களையும் எழுத்துப்பிழை பார்த்தவர். அவருக்கு இது தெரியவில்லை.

நேர்த்தியைப் பற்றிப் பேர்பெச்சுவா ஏற்கனவே அறிந்திருந்தார். தேவாலயத்துக்குப் போய்ச் சுவாமியிடம் விசாரித்தார். சுவாமி தெளிவாகச் சொன்னாராம்: நிறைவேற இடமில்லாத நேர்த்தி தானாகவே தீர்ந்தது, பையன் தாராளமாகச் சாப்பிடலாம். பேர்பெச்சுவா அதை அப்படியே பென்ஜமினிடம் ஒப்புவித்தார். அது தனக்கும் தெரியும் என்றான். அப்படியென்றால் ஏன் என்று கேட்டார். அவன் லீலில் ஒரு குழாய் வேலை முடியவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அது பிழையாகப் போயிற்று. லீலில் என்ன கடை என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். புரட்டாதியில் தங்கள் கல்யாண நாளுக்கு அங்கே மூன்று பேருக்கு மேசை பதிந்தார்.

5

பழைய நூல் ஆலை. செங்கல் சுவரை அப்படியே விட்டு, தறிகள் நின்ற இடத்தில் நீண்ட செப்பு மதுமேடை போட்டிருந்தார்கள். கூரையில் ஓடிய குழாய்களை மறைக்கவில்லை, கறுப்புப் பூசி அழகாக்கியிருந்தார்கள். அவை பென்ஜமினுடையவை. மேல்தளத்தில், சாப்பிட்டபின் புதினாத் தேநீர் குடித்துச் சாய்ந்திருக்கத் தாழ்வான கதிரைகள். சத்தமில்லை, புகையில்லை. நாலாவது பக்கத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கிறிஸ்ரியன் அண்ணை அந்தக் கதிரைகளை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, அதில் சாய்ந்தால் தன்னை எழுப்பக் கிரேன் பிடிக்கவேண்டும் என்றார். காரை நிறுத்த இடம் கிடைக்காத கதையை முழுதாகச் சொன்னார். பிறகு மாட்டிறைச்சிக்குச் சொன்னார். பேர்பெச்சுவா வாத்து. பென்ஜமின், மேசையில் இருந்துகொண்டு ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல முடியாததால், நாக்குமீன். வந்ததும் பார்த்தான். வெண்ணெயில் பொரித்து, முழுதாக, எலுமிச்சம்பழத்தோடு. மணம் நேராக மேலே போனது. குழாய் சரியாக வேலைசெய்தது.

பேர்பெச்சுவா வாத்தில் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். நன்றாக இருந்திருக்கவேண்டும், கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். பிறகு கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"தம்பி, நேர்த்தி எண்டது வீட்டுச் சொத்து. அம்மா மடு மாதாவுக்கு வைச்ச நேர்த்தியை நான்தான் நடந்து தீர்த்தனான். உம்மடதை இப்ப நான் எடுக்கிறன். இனி வெளியில நான் கைநனைக்கேல்லை. நீர் சாப்பிடும்."

பென்ஜமினுக்கு உடனே விளங்கவில்லை. வாசகருக்கும் விளங்காமல் போகலாம். எங்களில் தாய் வைத்ததைப் பிள்ளை தீர்ப்பது சாதாரணம். நேர்த்தி கைமாறும். யாரோ ஒருவர் சுமந்தால் போதும். சுவாமி சொன்ன சட்டத்தில் இது இல்லை, ஆனால் எங்கள் வீடுகளில் இருக்கிறது. நேர்த்தியை அவர் முடித்துவைக்கவில்லை. டெல்சியைச் சுகமாக வேண்டியவளாகவே வைத்துக்கொண்டு, பாரத்தை மட்டும் தன் பக்கம் இழுத்தார்.

"அக்கா, அது என்ர நேர்த்தி," என்றான்.

"அவள் என்ர தங்கச்சி."

கிறிஸ்ரியன் அண்ணை இறைச்சியை வெட்டிக்கொண்டே, இரண்டு பேரும் சாப்பிடப் போவதில்லை என்றால் தட்டுகளை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் குனிந்துகொண்டார்.

பேர்பெச்சுவா எழுந்தார். "நான் கையைக் கழுவிப்போட்டு வாறன். நான் பாத்துக்கொண்டிருந்தால் நீர் சாப்பிடமாட்டீர்," என்று சொல்லிவிட்டு மேசைகளுக்கிடையால் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது மேசையில் மூன்று தட்டுகளும் வெறுமையாக இருந்தன. நாக்குமீனின் முள் ஒழுங்காக ஓரத்தில் கிடந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தது. பென்ஜமினும் கிறிஸ்ரியன் அண்ணையும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போனோம். (போனார்கள்.) அவர்கள் புதினாத் தேநீர் குடித்தார்கள். பேர்பெச்சுவா தாழ்வான கதிரையில் வெறுங்கையோடு சாய்ந்திருந்தார். நல்ல இடம் தம்பி என்றார்.

6

முடிவுகள்.

அ. வாத்தைக் கிறிஸ்ரியன் அண்ணை முடித்தார், மீனைப் பென்ஜமின் சாப்பிட்டான். முழுவதும். உப்புக் கொஞ்சம் குறைவு.

ஆ. பென்ஜமின் தட்டைத் தள்ளினான். வாத்தையும் மீனையும் கிறிஸ்ரியன் அண்ணை சாப்பிட்டார், ஏற்கனவே சாப்பிட்ட மாட்டிறைச்சிக்கு மேல். அவரால் முடியும். அவரை அறிந்தவர்கள் சாட்சி.

இ. இருவரும் பாதிபாதி சாப்பிட்டார்கள். (நாகமுத்து அண்ணைக்கு இதுதான் வேண்டும். வாசகர் மனம் நோகாது என்றார். பாதி முறிந்த நேர்த்தி என்று ஒன்று இல்லை அண்ணை என்றேன். அப்படியென்றால் மீனைப் பற்றி மட்டும் எழுது, பக்கம் காலியாகக் கிடக்கிறது என்றார்.)

இதில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். கிறிஸ்ரியன் அண்ணைக்கும் தெரியும். அது உங்கட ரெண்டு பேரின்ர விசயம் என்று சொல்லிவிட்டு அவர் வாய் திறப்பதேயில்லை.

பேர்பெச்சுவா சொன்ன சொல்லில் நிற்கிறார். லீலுக்குப் பிறகு எந்தக் கடையிலும் சாப்பிட்டதில்லை. உறவினர் வீட்டு விருந்திலும் இல்லை. சனம் அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்கிறது. மெலியப் பார்க்கிறார் என்கிறது. அவர் விளக்கம் சொல்வதில்லை. நீர் சாப்பிட்டனீரோ என்று என்னிடம் ஒருமுறை கேட்டார், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில். தெரியாது அக்கா என்றேன். அவரும் இரண்டாம்முறை கேட்கவில்லை.

அ என்று எழுதினால், முடிய வழியில்லாத ஒன்றை அவர் சாகும்வரை சுமப்பார். சந்தோசமாகச் சுமப்பார், அதுதான் சிக்கல். ஆ என்று எழுதினால் நேர்த்தி என்னிடமே திரும்பும். நாளைக்கே அவர் நல்ல கடையொன்றில் இருந்து வாத்துச் சாப்பிடலாம். கூடவே, தான் கொடுத்ததை மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டார்கள் என்பதையும் அறிவார்.

நடந்ததை வைத்துத் தீர்மானிக்கலாம் என்பீர்கள். நடந்தது எனக்கு உதவவில்லை. ஒரு வருடமாக அதை வைத்திருக்கிறேன். இது எழுத்தாளன் தீர்க்கும் விசயம் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுத்தாளன் அந்த மேசையில் இருந்தவன். வெளியாள் ஒருவர் வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள்.

இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது. ஆனால், அன்று மேசையைவிட்டு எழுந்துபோனதுபோலவே, என் பெயரைக் கண்டால் இதை வாசிக்கமாட்டார். கிறிஸ்ரியன் அண்ணையிடமும் கேட்கமாட்டார். வாசித்த யாரிடமாவது கேட்பார். இலையுதிர்காலத்தில் கொலோன் பக்கம் ஞானஸ்நான விருந்துகள் நிறைய. மண்டபத்தில், நீண்ட மேசையில், உங்களுக்குப் பக்கத்தில் நல்ல சேலை கட்டிய ஒரு அக்கா இருப்பார். இந்த மாத இதழ் பார்த்தீரோ, அதில் அந்தப் பெடியன் சாப்பிட்டவனோ என்று சாதாரணமாகக் கேட்பார்.

ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள். தெரியாது என்று மட்டும் சொல்லவேண்டாம், அதை நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதிகம் யோசிக்கவும் நேரம் இராது. பரிமாறுகிற பெடியள் அடுத்த மேசைவரை வந்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் தட்டு வைப்பதா, விடுவதா என்று உங்களைத்தான் பார்க்கிறார்கள்.