துக்கத்துக்குப் பதினொரு பக்கம்

என் நோட்டில் சந்தோஷத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. துக்கத்துக்குப் பதினொரு பக்கம். நான் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. அகராதியிலிருந்தும், மிஸ்ஸியம்மா படித்துவிட்டுத் தரும் பழைய பத்திரிகைகளிலிருந்தும் உயர்ந்த ஆங்கிலச் சொற்களாகப் பொறுக்கி எழுதிவந்தேன். சம்பவங்களைச் சொல்ல ஒரு பகுதி, நிலைமைகளைச் சொல்ல ஒரு பகுதி, மனத்தைச் சொல்ல ஒரு பகுதி. மூன்றாவதில் துக்கம் மட்டும் தானாக வளர்ந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அழுவதில் இத்தனை ரகமா என்று வியந்தேனே தவிர, பொறுக்கியது யார் என்று யோசிக்கவில்லை.

சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் நான் டீச்சர். 1935 ஜனவரியில் மிஸ்ஸியம்மா, அதாவது மிஸ் டார்னெல், எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். பைபிள் உமன் ஞானம்மாளின் மாத அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் வேலை. ஞானம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வீட்டுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், வேதக்கதை சொல்வார். அவருடைய சம்பளத்தை அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர்ச் சபையின் மாதர் சங்கம் அனுப்பியது. சங்கத்துக்குப் பதிலாகப் போவது மாதம் ஒரு தாள். அந்தத் தாளின் கடைசிப் பத்திக்குத் தலைப்பு, 'பணியாளரின் மனநிலை'.

"ஒருமுறை வந்த சொல் மறுமுறை வரக்கூடாது, ஜெயசீலி" என்றார் மிஸ்ஸியம்மா. "அந்தப் பெண்மணிகள் அலுத்துவிடுவார்கள்."

ஜனவரிக்கு 'ஹாப்பி' என்று போட்டேன். பிப்ரவரிக்கு 'சியர்ஃபுல்'. மார்ச்சுக்கு 'ஜாய்ஃபுல்'. ஏப்ரலில் 'பென்சிவ்' என்று எழுதினேன். சிந்தனையில் ஆழ்ந்து சற்று வாடியிருப்பது என்று பொருள். ஞானம்மாள் தம் வாழ்நாளில் அப்படி இருந்ததில்லை. ஆனால் ஒரு முறை இறங்கினால் படிகள் சரசரவென்று வந்துவிடுகின்றன. மே மாதம் துக்கம், ஜூனில் சோர்வு, தீபாவளி சமயத்தில் 'டெசொலேட்'. யாருமற்ற பாலைவனம் போன்ற மனம். அந்த மாதம் ஞானம்மாள் திருச்சானூரில் வளையல் கடைக்காரி ரத்தினம்மாவின் வீட்டில் அதிரசம் தின்றுவிட்டு வந்திருந்தார்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் வகுப்பறையில் குழந்தைகளின் பலகையில் உட்கார்ந்து அவர் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். 1936 ஜூனில் ஒரு நாள், மடி நிறைய மாம்பழத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"இத்த எழுதிக்க டீச்சரம்மா. பங்காருபாளையத்திலேர்ந்து மாங்கா வண்டில ஏறிக்கினு வந்தனா, வாய்க்கா மேட்டுல வண்டி கவுந்துடுச்சு. நான் மாங்கா மேல, என் மேல மாங்கா. வண்டிக்கார முனியப்பன் மாட்ட பாக்கறான், மாங்காவ பாக்கறான், என்னிய பாக்கவே மாட்றான்!"

"அடிபட்டுதா அக்கா?"

"முட்டியில கொஞ்சம் தேஞ்சுது. கழனியில கல்லு பொறுக்கிக்கினு இருந்த பொம்பளைங்கல்லாம் ஓடியாந்தாங்க. எல்லாரும் வாய்க்காவுல கால வுட்டுக்கினு உடைஞ்ச பழத்தத் துன்னோம். அப்டியே ஆறு பேருக்கு 'அ'னா 'ஆ'வன்னா சொல்லிக் குடுத்துட்டேன். புளியங்கொட்டய வெச்சி."

நான் நோட்டைத் திறந்தேன். விபத்து என்பதற்கான சொல் முன்பே செலவாகியிருந்தது, குடையைத் தொலைத்த மாதத்தில். இன்னல் என்பது பஸ் தவறியதற்குப் போய்விட்டது. மிச்சமிருந்தது 'கலாமிட்டி'. பெரும் பூகம்பத்துக்குப் பத்திரிகையில் போட்டிருந்த சொல். முட்டிக்குப் போட்டேன். மனநிலைக்கு 'ஆங்கிஷ்'. உயிரைப் பிழியும் வேதனை. எழுதி முடித்துப் படித்தபோது என் கண்ணே கலங்கியது. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்ததை இங்கே மறைத்துப் பயனில்லை.

செப்டம்பர் கடைசியில் பதில் வந்தது. மாதர் சங்கம் என் அறிக்கைகளை ஆராதனையில் வாசித்திருந்தது. சபையே அழுததாம். இவ்வளவு வேதனைப்படும் ஒரு சகோதரியை இனி வெயிலில் நடக்கவிட மனச்சாட்சி இடம் தரவில்லை. அவளைப் பணியிலிருந்து விடுவித்து, திருப்பதியில் மிஷன் நடத்தும் ஓய்வு இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும். செலவு அவர்களுடையது. கூடவே சாம்பல் நிறத்தில் கனமான ஒரு கம்பளிச் சால்வையும் வந்திருந்தது.

ஓய்வு இல்லத்தில் ஆறு கட்டில்கள் உண்டு. மாலை ஐந்து மணிக்குக் கஞ்சி, ஐந்தரைக்கு ஜெபம், ஆறுக்கு வாசல் கதவில் பூட்டு. ஞானம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் ஏழு வருஷம் கிடந்தவர். அந்தப் பையைத் தோளில் மாட்டிய நாளிலிருந்துதான் அவர் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போனார். அதைத்தான் நான் பிடுங்கியிருந்தேன், மிக நல்ல ஆங்கிலத்தில்.

"இன்னா எழுதின நீ?" என்றார், சால்வையை மடியில் போட்டுக்கொண்டு. "எல்லாத்தயும் படி. தமிழ்ல சொல்லு."

என்னிடம் நகல்கள் இருந்தன. ஜூன் வரையான பதினெட்டு மாதத்தையும் வரிசையாகத் தமிழில் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ தேவுடா, குடைக்கா? குடைக்கா இம்மாம் ஒப்பாரி?" டெசொலேட் வந்தபோது, "யாருமில்லாத பாலைவனமா? ரத்தினம்மா வூட்டுல எட்டுப் பேரு இருந்தாங்கம்மே. உக்கார எடம் இல்ல" என்றார். அப்புறம் சிரிப்பு குறைந்தது. ஜூன் மாதத் தாளை முடித்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மே இது?"

"நீங்கதான் அக்கா."

"நான் இல்ல. இவ யாரோ ரொம்ப அழறா. நாயித்துக்கெழம கூட எங்கயும் போகாம குந்திக்கினு அழறா."

நான் தாள்களை அடுக்கினேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன்.

"அந்த வேலூர் கம்பவுண்டரு விசயமா?" என்றார்.

கம்பவுண்டர் அசரியாவை ஞானம்மாள் மறக்கவில்லை. போன வருஷம் மார்ச்சில் அசரியா என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய், எனக்குச் சம்மதமா என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கேட்டார். நான் ஐந்து பக்கம் பதில் எழுதினேன். அதில் மதிப்பு இருந்தது, தயக்கம் இருந்தது, உள்ளத்தின் கொந்தளிப்பு இருந்தது. சம்மதம் என்ற ஒரு சொல் எங்கும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் இரண்டு முறை படித்துப் பார்த்து, மறுத்துவிட்டாள் என்று முடிவு செய்து, குடியாத்தத்தில் கல்யாணம் செய்துகொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி. உன் அழுகய நீ என் பேர்ல அழுதுட்ட. இப்போ கட்டில்ல நான் படுக்கணுமா? வந்து சொல்லு அவங்க கிட்ட."

அக்டோபர் முதல் வாரம், அவரை இல்லத்தில் சேர்ப்பது பற்றித் திருப்பதியில் விசாரணை. மிஸ்ஸியம்மா இரண்டாம் வகுப்பில் ஏற, நானும் ஞானம்மாளும் மூன்றாம் வகுப்பில் நெருக்கிக்கொண்டோம். பாகாலாவில் மலைக்குப் போகும் கூட்டம் ஏறியது. பெட்டி முழுக்கக் கோவிந்தா. ஞானம்மாள் தம் பங்குக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த கமலம்மா என்பவரிடம் புளியோதரை வாங்கித் தின்றார். கம்பளிச் சால்வையை நாலாக மடித்து, பலகை குத்தாமலிருக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

நான் என் வாதத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தப்பு என்னுடையது இல்லை, மிஸ்ஸியம்மா போட்ட விதியுடையது. ஒரு சொல் இரண்டு முறை வரக்கூடாது என்றால் சந்தோஷம் எத்தனை மாதம் தாங்கும்? கேட்பவர் யாராயிருந்தாலும் ஒப்புக்கொள்வார்கள். காட்டுவதற்காக நோட்டைக்கூடக் கொண்டுவந்திருந்தேன். சந்தோஷப் பக்கத்தைத் திறந்து, செலவான சொற்களை எண்ணினேன். மூன்று. தொடாமல் மிச்சமிருந்தவை இருபத்திரண்டு. பதினெட்டு மாதத்துக்கும் போதும், அதற்கு மேலும் வரும்.

சந்தோஷம் தீர்ந்ததால்தான் ஏப்ரலில் துக்கத்துக்கு வந்தேன் என்று இத்தனை நாள் உண்மையாகவே நம்பியிருந்தேன். நோட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆளுக்கொரு மெத்தை.

ஓய்வு இல்லத்தின் கூடத்தில், மதராஸிலிருந்து வந்த மிஷன் செக்ரெட்டரி அம்மாள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியோடு. பக்கத்தில் மிஸ்ஸியம்மா. திறந்த கதவு வழியாக ஆறாவது கட்டில் தெரிந்தது. புது உறை போட்டிருந்தார்கள். மொழிபெயர்க்க நான்.

"இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேள்" என்றார் செக்ரெட்டரி அம்மாள், சாவு வீட்டுக் குரலில்.

கேட்டேன்.

"பாகுன்னா, நல்லாத்தான் கீறேன். பசிக்குது. எப்போ சோறு போடுவாங்கன்னு கேளு."

வாயைத் திறந்தேன். வரிசையாகச் சொற்கள் வந்து நின்றன, எல்லாம் கறுப்பு உடுத்திக்கொண்டு. 'நல்லா' என்பதற்கு ஒன்றுமே வரவில்லை. அந்தச் சின்ன ஆங்கிலம் என் நாக்கில் இருந்து எவ்வளவு நாளாயிற்று?

"நன்றாக இருக்கிறாராம்" என்று ஒருவழியாக ஆங்கிலத்தில் சொன்னேன். "பசிக்கிறதாம்."

செக்ரெட்டரி அம்மாளின் முகத்தில் தெரிந்தது ஆறுதல் இல்லை, ஏமாற்றம். "இந்த அறிக்கையில் இருக்கும் வேதனை?"

மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தார். விதியைச் சொல்லிவிட்டால் போதும். அவர் முகம் சிவக்கும், என் வேலை தப்பிக்கும். ஆனால் ஞானம்மாளின் வேலை? விதி தவறு, ஆனால் அழுகை நிஜம் என்று முடிந்துவிட்டால் கட்டில் அவருக்குத்தான். அவர் அழவில்லை என்றால், யார் அழுதது என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

வருத்தம் தெரிவிக்க என் நோட்டில் ஒன்பது சொற்கள் உண்டு. ஒன்றும் எடுக்கவில்லை.

"அவருக்கு வேதனை இல்லை" என்றேன். "வண்டியிலிருந்து விழுந்தார். சிரித்தார். மாம்பழம் சாப்பிட்டார். நான் பொய் எழுதினேன். வருத்தம் என்னுடையது. அந்தச் சொற்கள் எனக்குப் பிடித்திருந்தன."

சின்னச் சின்ன வாக்கியங்கள். முதல் வகுப்புப் பிள்ளை வாசிப்பதுபோல் இருந்தது.  வேறு சொல் எதையும் தேடவில்லை.

செக்ரெட்டரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் ஓய்வு உனக்குத்தான் தேவை என்று தோன்றுகிறது" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. அவர் கண் கட்டில் பக்கம் போனது.

"இன்னாவாம்?" என்று கேட்டார் ஞானம்மாள்.

சொன்னேன்.

"இவளையா? இருபத்தேழு வயசுப் பொண்ண கட்டில்ல போட்டா இன்னும் பத்து நோட்டு எழுதுவா. வேணாம்னு சொல்லு. ஸ்கூல் இல்லாத நாள்ல எங்கூட அனுப்பச் சொல்லு. நடக்கட்டும். பாத்தத மட்டும் எழுதட்டும். காலு நொந்தா காலு நொந்துதுன்னு எழுதட்டும்."

என்னைப் பற்றிய தீர்ப்பை நானே மொழிபெயர்த்தேன். ஒரு வரியும் விடவில்லை. பத்து நோட்டு என்ற இடத்தில் செக்ரெட்டரி அம்மாள் சிரித்துவிட்டார். மிஸ்ஸியம்மா சிரிக்கவில்லை. ஆனால், "சொன்ன சொல் திரும்ப வந்தால் பரவாயில்லை" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஞானம்மாளின் பை அவர் தோளிலேயே இருந்தது. மாதர் சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அரைப் பக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்தச் சனிக்கிழமையே காணிப்பாக்கத்துக்கு நடந்தோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வயல் வரப்பில் ஞானம்மாளின் கால் வழுக்கி, பையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வரப்பிலேயே குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரிக்கற? தூக்கிவுடாம சிரிக்கற? புஸ்தகமெல்லாம் நனஞ்சு போச்சு, எழுதுடி! இத்த எழுது! எனுக்கு இப்போ நெஜமாவே கோவம். கோவத்துக்கு நோட்டுல எவ்ளோ பெரிய வார்த்த கீது? இருக்கறதுலயே பெரிசாப் போடு!"

அவரைத் தூக்கி நிறுத்தி, கோயில் வாசல் தேங்காய்க் கடை ஒன்றின் கீற்றுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். அங்கே உட்கார்ந்து தாளை எடுத்தேன். கோபத்துக்கு என் நோட்டில் நாலு பக்கம் உண்டு, ஒவ்வொன்றும் இடிபோல. நோட்டு பள்ளிக்கூடத்தில் இருந்தது. 'ஆங்ரி' என்று எழுதினேன்.

ஞானம்மாளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அளவு தெரியும். சேற்றுக் கையை நீட்டி அந்தச் சொல்லைத் தொட்டார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அக்கா."

"பத்தாது. இன்னொரு தபா போடு."

போட்டேன். அதே சொல்லை, பக்கத்திலேயே.